நான் வாங்கிக்காத இளைப்பு

என் தங்கச்சி அக்கம்மா எப்படிச் செத்தாள்னு மயிலாடும்பாறையில கேட்டா ஒரு கதை சொல்லுவாக, எங்க சுருளிப்பட்டியில கேட்டா இன்னொரு கதை சொல்லுவாக. அங்கன, "டாக்டரம்மா பேச்சைக் கேக்காத கழுதை, தானாப் போய்ச் சேந்தா"ம்பாக. இங்கன, "மாமியாக்காரி கொன்னுபுட்டா"ம்பாக. ரெண்டும் பொய். பன்னெண்டு வருசம் அந்த ரெண்டு பொய்யையும் நான் வாயை மூடிக்கிட்டு கேட்டுக்கிட்டே இருந்தேன். என்னை மாதிரி ஈனப்பய இந்தக் கம்பம் பள்ளத்தாக்குல இன்னொருத்தன் இருக்க மாட்டான்.

அக்கம்மா எனக்கு ஆறு வயசு எளையவ. அவளுக்கு நாலு வயசு ஆகுறதுக்குள்ள ஆத்தாளும் அப்பனும் அடுத்தடுத்துப் போயிட்டாக. சித்தப்பன் வீட்டுல வளந்தோம். வளந்தோம் என்ன, கெடந்தோம். அவ சிரிச்சான்னா வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாத்து நடுறவுக நிமிந்து பாப்பாக. கோவமும் அப்படித்தான். பதினஞ்சு வயசுல, எங்க வயலுக்கு வர்ற தண்ணியை மறிச்ச ஆளை மம்பட்டியைத் தூக்கிக்கிட்டு தோப்பு வரைக்கும் வெரட்டிக்கிட்டுப் போயிட்டா. அந்த ஆளு என்கிட்ட வந்து, "ஏலே வீரணா, ஒந்தங்கச்சியைக் கட்டிப் போட்டு வையிடா"ன்னு மூச்சு வாங்க நின்னான். அவளுக்கு மூச்சு வாங்கல. அந்த வயசுல அவ நெஞ்சுல ஒரு கொறையும் கெடையாது.

அறுபத்தஞ்சாம் வருசம் அவளை மயிலாடும்பாறை ராக்கப்பனுக்குக் குடுத்தேன். மாப்ள நல்லவன்தான். ஆத்தா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசத் தெரியாத நல்லவன். அப்படிப்பட்ட நல்லவனால யாருக்கு என்ன பிரயோசனம்? எங்க பக்கம் சுருளித் தண்ணி, நெல்லு, தென்னை. அவுக பக்கம் வானம் பாத்த பூமி. மார்கழி பொறந்தா ஊரைச் சுத்திச் சோளம் பூத்து நிக்கும், ஊடால மொச்சைக்கொடி படர்ந்து கெடக்கும். மொச்சை பறிக்கக் காலையில உள்ள எறங்கினா கதிரு தலையில மஞ்சளாப் பூந்தூளைக் கொட்டும். அங்கன உள்ளவுகளுக்கு அது தூசி, தட்டி விட்டுட்டுப் போயிருவாக.

மொத வருசம் அக்கம்மாளுக்குத் தும்மல். ரெண்டாம் வருசம் கண்ணு செவந்து தண்ணியாக் கொட்டுச்சு. மூணாம் வருசம், மக அன்னத்தாய் பொறந்த பெறகு, இளைப்பு வந்துருச்சு. ரெண்டு கையையும் தொடையில ஊண்டிக்கிட்டு, தோளைத் தூக்கித் தூக்கி, காத்தைப் பிடிச்சு இழுத்து உள்ள தள்ளுவா. நெஞ்சுக்குள்ள விசில் சத்தம் கேக்கும். மாசி பொறந்து சோளம் அறுக்கையில ஒண்ணும் இருக்காது, எல்லாரையும் விட நாலு கட்டு கூடவே சொமப்பா. மாமியா சந்தனம்மாளுக்கு அதுதான் பொறுக்கல. "பூக்கையில வரும், அறுக்கையில வராதாம். இந்த அதிசயச் சீக்கை எந்தச் சீமையில வாங்கிட்டு வந்தடி?"ன்னு கேட்டாக.

அந்த அம்மாளையும் முழுசாக் கொற சொல்ல முடியாது. அவுகளால ஆனதைச் செஞ்சு பாத்தாக. எங்க சனத்துல தீராத சீக்குன்னா கோழி சுத்தி விடுவாக. கறுப்புக் கோழியைச் சீக்காளி தலையை மூணு சுத்துச் சுத்தி, ஊர் எல்லையில விட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துரணும். சீக்கைக் கோழி வாங்கிக்கிட்டுப் போயிரும்னு நம்பிக்கை. சந்தனம்மா சுத்தி விட்ட கோழி, பொழுது சாயுறதுக்குள்ள திரும்பி வந்து கூரை மேல ஏறி நின்னுச்சு. "கோழிகூட இவ சீக்கை வாங்க மாட்டேங்குதே, நான் என்ன செய்யட்டும்?"னு அந்த அம்மா தலையில கையை வச்சுக்கிட்டு ஒக்காந்துட்டாகளாம். அடுத்த வாரம் அக்கம்மாளை எங்க வீட்டுக்கு அனுப்பிட்டாக. அது எழுபதாம் வருசம்.

அனுப்பும்போது சொல்லி அனுப்புனது இதுதான். "சோளக்காட்டுக்குள்ள எறங்க முடிஞ்சா வரட்டும். இல்லாட்டி அங்கனயே இருக்கட்டும். புள்ள எங்க புள்ள, இங்கன வளரும்." அன்னத்தாய்க்கு அப்ப மூணு வயசு.

எங்க பக்கம் சோளம் கெடையாது, அதனால அக்கம்மாளுக்கு இளைப்பும் இல்ல. ஆனா அது பொழைப்பா? கஞ்சியைக் கலக்கிக்கிட்டே ஒக்காந்திருப்பா, குடிக்க மாட்டா. தெருவுல எந்தப் புள்ளை அழுதாலும் எந்திரிச்சு வாசலுக்குப் போவா. சிரிப்பு போச்சு, கோவமும் போச்சு. திட்டவாவது செய்யி புள்ளன்னு நானே கெஞ்சிருக்கேன். அவளுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. பூத்த சோளத்துக்குள்ள நின்னு மூச்சு விடணும். விட்டா மக கெடைப்பா.

எழுபத்தொண்ணு கார்த்திகையில, கம்பத்துல ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குச் சனிக்கெழமை சனிக்கெழமை ஒரு டாக்டரம்மா வர்றாகன்னு கேள்விப்பட்டுக் கூட்டிட்டுப் போனேன். சுகிர்தம்னு பேரு. தேனி கடைவீதியில ஜவுளிக்கடை வச்சிருந்த வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பம். மதுரையில மேல்படிப்பு படிச்சுக்கிட்டு, இந்த மாதிரி இளைப்பு உள்ளவுகளைத் தேடித் தேடிப் பாத்தாக. அக்கம்மா கையில வரிசையா ஏழெட்டுச் சொட்டு விட்டு, ஒவ்வொண்ணுலயும் ஊசி முனையால லேசாக் கீறினாக. நெல்லுப்பூ, தென்னம்பூ, ஆமணக்கு எல்லாம் சும்மா கெடந்துச்சு. சோளப்பூ விட்ட எடம் மட்டும் கொசு கடிச்ச மாதிரி ஆரம்பிச்சு எட்டணா அகலத்துக்குத் தடிச்சுச்சு.

"கள்ளம் பண்றேன்னு சொன்னாகளே டாக்டரம்மா, பாருங்க"ன்னு அக்கம்மா அழுதா. அஞ்சு வருசத்துல மொதத் தடவையா ஒருத்தர் அவ சீக்கைச் சீக்குன்னு ஒத்துக்கிட்டாக.

டாக்டரம்மா எங்களை ஒக்கார வச்சு வெளக்கமாச் சொன்னாக. ரத்தத்துல எதிர்ப்பொருள்னு ஒண்ணு இருக்காம், அதுல பல வகை இருக்காம். வெளியிலருந்து வர்ற கெட்டதோட சண்டை போடத்தான் அதெல்லாம். அதுல ஒரு வகை, ஒண்ணுஞ் செய்யாத பூந்தூளைப் பாத்துத் தேவையில்லாம எகிறுது. அந்த வகை எதுன்னு மேநாட்டுல நாலஞ்சு வருசத்துக்கு முந்தித்தான் கண்டுபிடிச்சிருக்காக. ஐஜிஈன்னு பேரு. நம்ம சோளத்துக்கும் நம்ம சனத்துக்கும் அதேதானான்னு அவுகளுக்குப் பாக்கணும். ஐஜிஜின்னு இன்னொரு வகை உண்டு, கொஞ்சங் கொஞ்சமாப் பூந்தூளையே ஊசியாப் போட்டுட்டு வந்தா அது பெருகி இதைத் தடுக்கும். மூணு வருசம் ஆகும். அதுவரைக்கும் பூத்த காட்டுப் பக்கமே போகக் கூடாது.

"மூணு வருசமா?"ன்னு கேட்டா அக்கம்மா. வேற ஒண்ணும் கேக்கல.

எந்த வகைன்னு பாக்குறதுக்குச் சீக்கு இல்லாத ஒரு ஆளோட கை வேணும்னாக. நான் சட்டையைச் சுருட்டிட்டேன். ஆனாலும் பயம் இருக்காதா? "சீக்கு எனக்கு வந்துருமா டாக்டரம்மா?"ன்னு கேட்டேன். அவுக சொன்னதை அச்சுப் பிசகாம இன்னைக்கும் சொல்லுவேன். "உங்களுக்கு வராது வீரணன். அக்கம்மாளுக்குக் குறையவும் குறையாது. அவங்க ரத்தத்துலருந்து எடுத்த தண்ணி உங்க தோல்ல கொஞ்ச நாள் ஒட்டிக்கிட்டு இருக்கும், அவ்வளவுதான்." அக்கம்மா அந்நேரம் குழாயடிக்குத் தண்ணி குடிக்கப் போயிருந்தா. கேட்டது நான் ஒருத்தன்தான்.

மார்கழி மொத வாரம் என் கையில மூணு எடத்துல போட்டாக. ஒண்ணுல அக்கம்மா ரத்தத்துலருந்து பிரிச்செடுத்த தண்ணி அப்படியே. ரெண்டாவதுல அதையே நாலு மணி நேரம் வெந்நீர்ச் சூட்டுல வச்சு எடுத்தது. அந்த ஐஜிஈ சூடு தாங்காம கெட்டுப்போகுமாம், மத்தது தாங்குமாம். மூணாவதுல வெறும் உப்புத்தண்ணி. ஊதா மையில வட்டம் போட்டு அனுப்பிட்டு, ரெண்டு நாள் கழிச்சு வரச் சொன்னாக. போனோம். மூணு வட்டத்துலயும் சோளப்பூந்தூள் கரைசலைக் குத்தினாக. கால் மணி நேரம் ஆகல, மொத வட்டம் அரிச்சு, செவந்து, எட்டணா அகலத்துக்குத் தடிச்சுருச்சு. மத்த ரெண்டும் கம்முனு கெடந்துச்சு. டாக்டரம்மாளுக்குச் சந்தோசம் தாங்கல. "அதேதான், சூட்டுல கெட்டுப்போறதுதான்"னு சொல்லிக்கிட்டே அளவு எடுத்து, நோட்டை எடுத்துட்டு வர உள்ள போனாக.

அக்கம்மா எங்கையையே பாத்துக்கிட்டு நின்னா. அந்த ஒத்தத் தடிப்பு, அவ கையில வந்த அதே தடிப்பு. மொகம் மெல்ல மெல்ல மாறுச்சு. வாய்க்கா வரப்புல நின்ன பழைய அக்கம்மா மொகம் அது, ரெண்டு வருசமா நான் பாக்காத மொகம்.

"அண்ணே, ஒனக்கு வந்துருச்சே"ன்னா. எங்கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டா. "கோழி வாங்காததை நீ வாங்கிட்டியே. அப்ப எங்கிட்ட இல்லேல்ல?"

நான் இல்ல புள்ளன்னு சொல்லிருக்கணும். அப்படியில்ல அக்கம்மா, அவுக வேற மாதிரிச் சொன்னாகன்னு சொல்லிருக்கணும். ஒரு வாய் வார்த்தை. என் நாக்குல புத்து வைக்க! அந்த மொகத்தைப் பாத்துக்கிட்டு எனக்குச் சொல்ல வரல. "ஆமா புள்ள, வாங்கிக்கிட்டேன். இனிமே ஒனக்கு இல்ல"ன்னு சொன்னேன். அவ ஆஸ்பத்திரி முழுக்கக் கேக்குற மாதிரி சிரிச்சா.

பொய்யின்னு தெரிஞ்சுதான சொன்ன, பெறகு திருத்திருக்கலாமேன்னு கேப்பீக. அதுக்கும் ஒரு கேடு வந்துச்சு. ஒரு வாரம் கழிச்சு அன்னத்தாயைப் பாக்க நான் மட்டும் மயிலாடும்பாறைக்குப் போனேன். பஸ்ஸை விட்டு எறங்கி, பூத்த சோளத்துக்குள்ள ஒத்தையடிப் பாதையில நடக்கேன், எங்கை அரிக்குது. சட்டையைச் சுருட்டிப் பாக்கேன். மூணு ஊதா வட்டம் மங்கிக் கெடக்கு, மொத வட்டம் மட்டும் தடிச்சு நிக்கிது. யாரும் குத்தல, தொடல. காத்துல வந்த தூளுக்கே அது எந்திரிச்சு நிக்கிது. டாக்டரம்மாளுக்குத் தெரியாதது ஒண்ணு நடந்திருக்கோ, நெசமாவே நான் வாங்கிட்டேனோன்னு பாவி மனசு நெனச்சுருச்சு. கொஞ்ச நாள் ஒட்டிக்கிட்டு இருக்கும்னு அவுக சொன்னது இதைத்தான்னு எனக்குப் புரியல. புரிஞ்சுக்க ஆசையும் இல்ல.

நேரா சந்தனம்மா முன்னால போய்க் கையை நீட்டினேன். "பாருங்க அத்தை. எந்தங்கச்சி இளைப்பு எங்கைக்கு வந்துருச்சு." அந்த அம்மா வட்டத்தைத் தடவித் தடவிப் பாத்தாக. கண்ணு கலங்கிருச்சு. "கூடப் பொறந்தவன் வாங்கிட்டியாப்பா. நீ நல்லா இருக்கணும். பொங்கலுக்கு அவளைக் கூட்டிட்டு வா"ன்னாக. ராக்கப்பன் எனக்கு எளநி வெட்டிக் குடுத்தான். அன்னத்தாய் எம்மடியில ஒக்காந்து அந்த ஊதா வட்டத்தை வெரலால எண்ணி எண்ணி வெளாண்டுச்சு.

டாக்டரம்மா மொத ஊசி போட்டிருந்தாக. ரெண்டாவது ஊசிக்குக் கூப்பிட்டா அக்கம்மா வரல. "நீதான் வாங்கிட்டியே, எனக்கெதுக்கு?"ன்னா. மூச்சு முட்டினா போடச் சொல்லிக் குடுத்த மாத்திரை டப்பாவையும் மாமியா ஊருக்குக் கெளம்பையில பெட்டியில எடுத்து வைக்கல. அடுப்படிப் பொந்துல இருந்ததை நான் பாத்தேன். எடுத்துக்க புள்ளன்னு சொல்ல வாயெடுத்தேன். சொன்னா, எதுக்குன்னு கேப்பா. எதுக்குன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? அப்படியே விட்டுட்டேன்.

பொங்கச் சீரு, கரும்பு, மஞ்சக்கொத்து, புதுச் சீலை எல்லாம் கட்டிக்கிட்டு அவளைக் கொண்டுபோய் விட்டேன். ஆண்டிபட்டியில பஸ் மாறி, கண்டமனூர் தாண்டி, பூத்த சோளத்துக்கு ஊடாலயே போறோம். ஜன்னலை மூடுன்னேன். மூடல. பொங்கலுக்கு மொத நா விழுந்த மழையில தூளெல்லாம் அமந்து கெடந்துச்சோ என்னமோ, அன்னைக்குத் தும்மக்கூட இல்ல. "பாத்தியா அண்ணே"ன்னு என் தொடையில அடிச்சா. அன்னத்தாய் மொதல்ல அடையாளந் தெரியாம முழிச்சுச்சு, பெறகு ஓடி வந்து அவ காலைக் கட்டிக்கிருச்சு. நான் அழுதுக்கிட்டே ஊரு திரும்பினேன், சந்தோசத்துல.

மூணாம் நாள் வெயிலு சுள்ளுன்னு அடிச்சிருக்கு. காலையிலயே மொச்சை பறிக்க எறங்கியிருக்கா, மத்தவுகளுக்கு முந்தி. வரப்புல மகளை ஒக்கார வச்சுக்கிட்டு, பாட்டும் சிரிப்புமா ரெண்டு நெரை பறிச்சுட்டாளாம். பெறகு தும்மல், பெறகு விசில் சத்தம். ராக்கப்பன் ஓடிப்போய், "வெளிய வா அக்கம்மா"ன்னிருக்கான். அவ கையைத் தட்டி விட்டுட்டா. "இது அதில்ல. அதை அண்ணன் வாங்கிட்டான். இது வேற என்னமோ, தொண்டையில தூசி. தண்ணி குடு, சரியாப் போயிரும்"னாளாம். குடிச்சுட்டு மறுபடியும் உள்ள போயிருக்கா. தூக்கிட்டு வெளிய வரும்போது ஒதடெல்லாம் நீலம் பாரிச்சுப் போச்சு. மாட்டு வண்டியில ஆண்டிபட்டிக்குக் கொண்டுபோகையில, பாதி வழியில அடங்கிட்டா.

இதை என்கிட்டச் சொன்னது ராக்கப்பன்தான். சொல்லிட்டு, "மச்சான், அவ கடைசி வரைக்கும் அது அந்தச் சீக்குன்னு ஒத்துக்கவே இல்ல"ன்னு ஏங்கி ஏங்கி அழுதான். நான் அப்படிச் சொல்லாட்டி அவ வெளிய வந்திருப்பா. நாலு வருசமா மூச்சு முட்டினா வெளிய வரணும்னு அவளுக்குத் தெரியும். அந்தப் புத்தியைத்தான் நான் ஒரு வார்த்தையில பிடுங்கி எறிஞ்சுட்டேன்.

டாக்டரம்மாகிட்டப் போய்ச் சொன்னேன். அவுக மேசையில தலையைக் கவுத்துக்கிட்டாக. "நான் சரியா விளக்கிச் சொல்லலையோ வீரணன்? டெஸ்ட்டுல இருந்த அவசரத்துல அவங்களுக்குப் புரியுற மாதிரி சொல்லாம விட்டுட்டேனோ?"ன்னு கேட்டாக. அப்பவாவது சொல்லிருக்கலாம். "அவளாத்தான் கேக்கல டாக்டரம்மா"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ஒரு பாவமும் அறியாத அந்த அம்மா தலையிலயும் பாதியை ஏத்தி வச்சுட்டு வந்தேன். எங்கையில அந்த வட்டம் மாசி முடியுறதுக்குள்ள மறைஞ்சு போச்சு. ஒரு தழும்புகூட இல்ல.

பன்னெண்டு வருசம் போச்சு. எம்பத்துநாலு தையில அன்னத்தாயை ராக்கப்பன் கூட்டிட்டு வந்தான். பதினேழு வயசுப் பொண்ணு. ரெண்டு கையையும் தொடையில ஊண்டிக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு. அதைப் பாத்த ஒடனே டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போனேன்.

டாக்டரம்மா அப்ப தேனியிலயே சொந்தமா ஆஸ்பத்திரி வச்சிருந்தாக, தலை பாதி நரைச்சுப் போச்சு. புள்ளையைப் பாத்தாக, என்னைப் பாத்தாக. நான் பழைய நெனப்புல சட்டையைச் சுருட்டி எடது கையை நீட்டினேன். "இப்ப யாரோட கையும் வேண்டாம் வீரணன். அந்த டெஸ்ட்டை நிறுத்திட்டோம். ரத்தத்தை மெட்ராசுக்கு அனுப்பினா கண்ணாடிக் குழாயிலயே பாத்துருவாங்க"ன்னாக. ரெண்டு வாரத்துல ரிப்போர்ட் வந்துச்சு. சோளத்துக்கு எதிரா ஐஜிஈ எக்கச்சக்கம். அம்மாளுக்கு இருந்த அதேதான்.

ஊசிக்காக வெளிய பெஞ்சுல ஒக்காந்திருந்தோம், அன்னத்தாயும் நானும் மட்டும். அது என் சட்டைக் கையைப் பிடிச்சு மெல்லச் சுருட்டுச்சு. வெரலால எங்கையைத் தடவித் தேடுச்சு.

"எந்த எடம் மாமா? ஊதா வட்டம் போட்டிருந்தீகளே."

"எதுக்குத்தா?"

"அம்மா வரப்புல ஒக்கார வச்சு என்கிட்டச் சொல்லுச்சு. எஞ் சீக்கை ஒம் மாமன் வாங்கிட்டான்டி, ஒனக்கு வந்தாலும் வாங்கிக்கிருவான், நீ பயப்படாதன்னு. அம்மா சொன்னதுல எனக்கு ஞாபகம் இருக்குறது அது ஒண்ணுதான்." மூச்சை இழுத்து விட்டுட்டு, "எனக்கும் வாங்கிக்கங்க மாமா"ன்னுச்சு.

இன்னொரு தடவை ஆமான்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு நொடி ஆகாது. அந்தப் புள்ளை மொகத்துலயும் அதே ஆசை.

"வாங்க முடியாதுத்தா"ன்னேன். "யாராலயும் முடியாது. அன்னைக்கும் நான் வாங்கல. டாக்டரம்மா என்கிட்டத் தெளிவாச் சொன்னாக. தெரிஞ்சே ஒங்கம்மாகிட்டப் பொய் சொன்னேன்."

அது அழுகல, கத்தல. திட்டிருந்தா தேவலை.

"அம்மாளுக்குத் தெரியுமா மாமா?"

"தெரியாது. கடைசி மூச்சு வரைக்கும் தெரியாது."

அன்னத்தாய் எங்கையை விட்டுட்டு, சுருட்டின சட்டையை எறக்கி விட்டு, பெஞ்சோட அந்த மூலைக்குத் தள்ளி ஒக்காந்துருச்சு. உள்ளருந்து டாக்டரம்மா கூப்பிட்டாக. நான் எந்திரிக்கவும், "நீங்க வர வேண்டாம்"னுட்டு, இளைச்சுக்கிட்டே தனியா உள்ள போச்சு.